கருவுக்கு முன்பே தொடங்க வேண்டிய பேச்சு

எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் பெண்ணுக்கு அங்கே கேட்கப்படும் கேள்விகள் மனப்பாடம். இருமல் இருக்கிறதா? காய்ச்சல் வந்ததா? எடை குறைந்ததா? ராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறதா? நான்கும் காசநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கேட்பவை. பிறகு மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். புது டப்பா, ஒரு கையெழுத்து, அடுத்து வர வேண்டிய தேதி. வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும். எழுந்து கதவுவரை போன பிறகுதான் மனசுக்குள் வைத்திருந்தது வெளியே வரும்: “மேடம், எனக்கெல்லாம் குழந்தை பொறக்குமா? பொறந்தா அதுக்கும் இது ஒட்டிக்குமா?”

“இப்படி வந்து உட்காருங்கம்மா, பேசலாம்” என்று நாற்காலியை இழுத்துப் போடும் ஆலோசகர் கிடைத்தால் அது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம். “இந்த உடம்போட அதெல்லாம் எதுக்கும்மா?” என்ற பதிலைக் கேட்டுத் தலைகுனிந்து போனவர்களும் நம்மிடையே உண்டு. இன்னும் பலர் கேட்கவே துணியாமல் போகிறார்கள். மூன்று மாதம் தள்ளிப்போன பிறகு திரும்பி வருகிறார்கள். பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது.

கதவருகே எழும் அந்தக் கேள்விக்கு அறிவியல் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. தொற்றுள்ள பெண் தாயாகலாம். தொற்றில்லாத குழந்தையைப் பெறலாம். அதற்கு அந்தப் பதில் அவர் காதில் சரியான நேரத்தில் விழ வேண்டும். கரு உருவாவதற்கு முன்பே விழ வேண்டும்.

நூறில் எத்தனை?

சிகிச்சையே இல்லாத நிலையை முதலில் பார்ப்போம். எச்.ஐ.வி. தொற்றுள்ள 100 தாய்மார்கள் எந்த மருந்தும் எடுக்காமல் பிள்ளை பெற்றுப் பாலும் கொடுத்தால், 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படலாம். அதாவது, மருந்தே இல்லாதபோதும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தப்பிவிடுகின்றன. கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். காரணம் நஞ்சுக்கொடி.

தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நஞ்சுக்கொடியின் மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் தாயின் ரத்தம், அந்தப் பக்கம் சிசுவின் ரத்தம். ஆக்சிஜனும் சத்தும் சுவரைக் கடந்து போகும். வைரஸ் அவ்வளவு எளிதாகக் கடக்காது. கர்ப்ப காலத்தில் தொற்று பரவுவது 100க்கு 5 முதல் 10 வரைதான். பிரசவ வலி எடுக்கும்போது நிலைமை மாறுகிறது. கர்ப்பப்பை சுருங்கி விரியும்போது சுவரில் நுண்ணிய கசிவுகள் ஏற்படும். வெளியே வரும் வழியில் தாயின் ரத்தமும் திரவங்களும் குழந்தையின் கண்ணிலும் வாயிலும் படும். அந்தச் சில மணி நேரத்தில் பரவும் வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம். பிறகு, மாதக்கணக்கில் கொடுக்கும் தாய்ப்பால் வழியாக இன்னும் 5 முதல் 20 சதவீதம்.

மூன்று வழிகளையும் ஏ.ஆர்.டி. என்ற ஒரே சிகிச்சையால் அடைக்க முடிகிறது. தாயின் ரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை, மருத்துவமனை மொழியில் ‘வைரல் லோடு’, எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குப் பரவும் வாய்ப்பும் குறையும்.

சென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அந்த நாளில் கையில் மருந்து எதுவும் இல்லை. கர்ப்பிணிக்குத் தொற்று என்றால் கருவைக் கலைக்கச் சொல்வதே அறிவுரையாக இருந்தது.

முதல் வெளிச்சம் 1994-ல் வந்தது. அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நடந்த ஓர் ஆய்வில், கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் தாய்க்கும், பிறந்த பிறகு குழந்தைக்கும் ஏ.இசட்.டி. என்ற ஒற்றை மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து எடுக்காதவர்களிடம் 25.5 சதவீதமாக இருந்த பரவல், எடுத்தவர்களிடம் 8.3 சதவீதமாக இறங்கியது. 1999-ல் உகாண்டாவிலிருந்து அடுத்த செய்தி வந்தது. பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை, குழந்தைக்கு ஒரே ஒரு வேளை சிரப். பரவல் ஏறக்குறையப் பாதியானது. மலிவான இந்த வழியோடுதான் இந்தியாவில் 2002-ல் ‘பெற்றோரிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் திட்டம்’ தொடங்கியது. பழி தாயின் தலையில் மட்டும் விழக்கூடாது என்பதற்காகத்தான் பெயரிலேயே ‘பெற்றோர்’ என்று வைத்தார்கள்.

ஆனால் அந்த ஒற்றை மாத்திரை குழந்தைக்காகக் கொடுக்கப்பட்டது. பிரசவம் முடிந்ததும் தாயின் சிகிச்சையும் முடிந்துவிட்டது. 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோதும், நோய் எதிர்ப்பைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை மிகவும் குறைந்தவர்களுக்கே முன்னுரிமை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்க மருந்து என்ற யோசனையை 2011-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஆப்பிரிக்காவின் ஏழை நாடான மலாவி. சிடி4 பரிசோதனைக் கருவிகள் போதுமான அளவில் இல்லாத ஊர்களில், பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் எல்லாத் தாய்மார்களுக்கும் மருந்தைத் தொடங்கிவிடலாம் என்று துணிந்தார்கள். 2014-ல் இந்தியாவும் அதே வழியில் நடந்தது. 2017 முதல் தொற்று உறுதியான எல்லோருக்குமே, சிடி4 எண்ணிக்கை எதுவானாலும், உடனே மருந்து.

பிரான்ஸ் சொன்ன பூஜ்யம்

எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு மிகத் துல்லியமான விடை பிரான்ஸிலிருந்து கிடைத்தது. 2000 முதல் 2011 வரை அங்கே தொற்றுள்ள தாய்மார்களுக்குப் பிறந்த 8,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். மொத்தப் பரவல் 0.7 சதவீதம். கருத்தரிக்கும் முன்பே மருந்தைத் தொடங்கி, விடாமல் எடுத்து, பிரசவ நேரத்தில் வைரல் லோடு 50-க்குக் கீழே இருந்த தாய்மார்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பிறந்தவை 2,651 குழந்தைகள். தொற்று ஏற்பட்டவை ஒன்றுகூட இல்லை.

இந்தத் தாய்மார்கள் தாய்ப்பால் கொடுக்கவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படியும் அந்தப் பூஜ்யத்தின் மதிப்பு குறையாது. மருந்தை எவ்வளவு தாமதமாகத் தொடங்கினார்களோ அந்த அளவுக்குப் பரவல் கூடியதையும் அதே ஆய்வு காட்டியது. கர்ப்பம் உறுதியான பிறகு பேசத் தொடங்கும் ஆலோசனை, பாதி வழியில் பேருந்தைப் பிடிப்பது மாதிரி. ஊருக்குப் போய்ச் சேரலாம். உட்கார இடம் கிடைக்குமா என்பது தெரியாது.

இருவரும் சேர்ந்து கேட்க வேண்டியது

கணவருக்குத் தொற்று இல்லை, மனைவிக்கு மட்டும் உண்டு. அல்லது நேர்மாறாக. இப்படிப்பட்ட தம்பதியர் ‘குழந்தைக்காக ஆணுறையைத் தவிர்த்தால் மற்றவருக்கும் வந்துவிடுமே’ என்று பயந்தே வருடங்களைக் கடத்துகிறார்கள்.

இந்தப் பயத்தைத் தீர்த்த ஆய்வு ஒன்றில் நம் ஊருக்கும் பங்குண்டு. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடம் நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வின் களங்களில் சென்னையும் புனேயும் இருந்தன. தொற்றுள்ளவருக்குச் சீக்கிரமே மருந்தைத் தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் தெரிந்தது. அடுத்து, ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு 2016-ல் வெளியானது. தொற்றுள்ளவரின் வைரல் லோடு கட்டுக்குள் இருந்த தம்பதியர், ஆணுறை இல்லாமல் ஏறக்குறைய 58,000 முறை உறவு கொண்டதைக் கணக்கில் எடுத்தார்கள். துணைவரிடமிருந்து வந்த தொற்று ஒன்றுகூட இல்லை. ரத்தப் பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அது பரவாது. இதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எனவே ஆலோசகர் முதலில் கேட்க வேண்டியது வைரல் லோடு அறிக்கையை. அது கட்டுக்குள் வந்து சில மாதங்கள் நிலைத்திருக்கிறதா என்று பார்த்து, மாதவிலக்குச் சுழற்சியில் கருத்தரிக்கும் நாள்களைக் கணக்கிட்டுச் சொல்லலாம். வைரல் லோடு இன்னும் இறங்காத மனைவிக்கும் தொற்றில்லாத கணவருக்கும் எளிமையான வழி ஒன்று உண்டு. சுத்தமான கிண்ணத்தில் விந்தை எடுத்து, ஊசி பொருத்தாத சிரிஞ்சு மூலம் வீட்டிலேயே செலுத்திக்கொள்வது. கணவருக்கு அபாயமே இல்லை. கணவருக்குத் தொற்று என்றால், விந்திலிருந்து உயிரணுக்களைக் கழுவிப் பிரித்தெடுக்கும் முறையை இத்தாலிய மருத்துவர்கள் 1990-களின் தொடக்கத்திலேயே செய்து காட்டிவிட்டார்கள். இன்று நல்ல சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலான தம்பதியருக்கு இவை எதுவுமே தேவைப்படுவதில்லை.

மாத்திரைகளுக்குள் ஒரு சண்டை

ஆலோசனை என்றால் ஆறுதல் வார்த்தை என்று பலர் நினைக்கிறார்கள். கர்ப்பிணி ஒருவரின் மாத்திரைப் பையைத் திறந்து பார்த்தால் அது எவ்வளவு நுட்பமான வேலை என்று புரியும்.

பையில் முதலில் ஏ.ஆர்.டி. மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகளும் ஒன்றாக அடங்கியது. நாளைக்கு ஒன்று போதும். அதோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இருக்கும். எல்லாம் நல்லதுதானே என்று மூன்றையும் ஒரே மடக்கில், வெறும் வயிற்றில் விழுங்கினால் சிக்கல். இரும்பும் கால்சியமும் குடலிலேயே டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை போட்ட பெண்ணுக்கு வைரல் லோடு ஏன் ஏறுகிறது என்று மருத்துவர் குழம்புவார்.

தீர்வு எளிது. ஏ.ஆர்.டி. மாத்திரையை மற்ற இரண்டுக்கும் 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும். காலையில் எழுந்ததும் 6 மணிக்கு ஏ.ஆர்.டி.; எட்டரை மணிக்கு இட்லிக்குப் பிறகு கால்சியம்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்புச்சத்து; இரவுச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். இப்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். இடைவெளி விட முடியாதவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சேர்த்துப் போடலாம். சாப்பாடு உள்ளே இருந்தால் மருந்து தப்பித்து ரத்தத்தில் சேரும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவராக இருந்தால் டோலுடெக்ராவிரை நாளைக்கு இரண்டு வேளையாக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டுச் சொல்ல பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் ஒரு குழந்தையின் வாழ்நாளைத் தீர்மானிக்கும்.

மாத்திரைகளைப் போலவே வளைகாப்பையும் ஆலோசகர் கணக்கில் எடுக்க வேண்டும். வளையல் அடுக்கி முடித்ததும் நம் பெண்கள் தாய் வீட்டுக்குப் போவார்கள். கணவர் ஊர் ஒரு மாவட்டம், அம்மா ஊர் இன்னொரு மாவட்டம். மாத்திரை தரும் மையமோ கணவர் ஊரில். வைரஸ் மிகக் குறைவாக இருக்க வேண்டிய கடைசி மாதங்களில்தான் டப்பா காலியாகிறது. 32-வது வாரத்திலிருந்து 36-வது வாரத்துக்குள் எடுக்க வேண்டிய வைரல் லோடு பரிசோதனையும் தவறிப்போகிறது. “பேறுகாலத்துக்கு எந்த ஊருக்குப் போவீங்கம்மா? அங்க பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி?” என்று ஐந்தாம் மாதத்திலேயே கேட்டு, அந்த ஊர் மையத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஆலோசகர் பெரிய காரியம் செய்கிறார். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கர்ப்ப காலத்தில் நான்கில் மூன்று பெண்கள் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஏறக்குறையப் பாதிப் பெண்கள்தான் அப்படி எடுத்தார்கள். பிள்ளை பெற்ற பின் எல்லோர் கண்ணும் தொட்டிலின் மேல். தாயின் மாத்திரையை யாரும் விசாரிப்பதில்லை.

தீர்மானிப்பது யார்?

2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பிறந்த 426 குழந்தைகளில் 4 குழந்தைகளுக்கு மூளை, தண்டுவடம் சார்ந்த பிறவிக் குறைபாடு. மற்ற மருந்துகள் எடுத்தவர்களிடம் இது ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. உலகம் பதறியது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கத் தயங்கினார்கள். ஆண்களுக்கு நல்ல மருந்து, பெண்களுக்குப் பழைய மருந்து என்ற நிலை சில நாடுகளில் உருவானது.

அதே ஆண்டு ஜூலையில் 18 ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த, தொற்றுள்ள 39 பெண்கள் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கூடினார்கள். நன்மையும் ஆபத்தும் என்னென்ன என்று எங்களிடம் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். போட்ஸ்வானா ஆய்வு தொடர்ந்தது. 2019-ல் 1,683 பிரசவங்களில் 5 என்று விகிதம் இறங்கியது. அந்த ஆண்டு ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனம் பெண்கள் உட்பட எல்லோருக்கும் டோலுடெக்ராவிரைப் பரிந்துரைத்தது. மேலும் பல ஆயிரம் பிரசவங்கள் சேர்ந்த பிறகு, மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கருவில் தண்டுவடக் குழல் மூடிக்கொள்வது கருத்தரித்த 28 நாள்களுக்குள். நாள் தள்ளிப்போயிருப்பதைப் பெண் கவனிக்கும் நேரத்தில் அது ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஃபோலிக் அமில மாத்திரையை, தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும் என்பது இதனால்தான். இரண்டாவது, முழு உண்மையைச் சொன்னால் பெண்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுப்பார்கள் என்பதைக் கிகாலியில் கூடியவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள்.

வேண்டாம் என்பதும் உரிமை

குழந்தை வேண்டும் என்பவருக்கு வழிகாட்டுவது போலவே, வேண்டாம் என்பவருக்கும் இப்போது வேண்டாம் என்பவருக்கும் வழிகாட்ட வேண்டும். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த நான்கு தூண்களில் இரண்டாவது, தொற்றுள்ள பெண்கள் விரும்பாத கர்ப்பத்தைத் தவிர்க்க உதவுவது. நடைமுறையில் இந்தத் தூண்தான் மெலிந்து கிடக்கிறது. ஆணுறைப் பெட்டியைக் கையில் கொடுத்ததோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆணுறையைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்ற முடிவு பல வீடுகளில் மனைவியின் கையில் இல்லை.

காப்பர்-டி பொருத்திக்கொள்ளலாம்; அதில் ஹார்மோன் இல்லாததால் எந்த ஏ.ஆர்.டி. மருந்தோடும் அதற்குத் தகராறு இல்லை. அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் ‘அந்தரா’ கருத்தடை ஊசியும் போட்டுக்கொள்ளலாம். எஃபாவிரென்ஸ் என்ற பழைய மருந்தில் தொடர்பவர்களுக்கு மட்டும் கவனம் வேண்டும். அது கல்லீரலைத் தூண்டி ஹார்மோன்களை வேகமாகச் சிதைத்துவிடுவதால், கைத்தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியும் அவசரக் கருத்தடை மாத்திரையும் பலனிழக்கலாம். டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், பிற பால்வினை நோய்களைத் தடுக்க ஆணுறையும் கூட இருப்பது நல்லது.

நிரந்தரக் கருத்தடை ஆபரேஷனைப் பெண் தானாகக் கேட்டால் செய்யலாம். தொற்றைக் காரணம் காட்டி அவர் மேல் திணிக்கக்கூடாது. நமீபியாவில் தொற்றுள்ள மூன்று பெண்கள் அரசு மருத்துவமனைகளில் தங்கள் முழுச் சம்மதம் இல்லாமலே கருத்தடை செய்யப்பட்டதாக வழக்குத் தொடுத்தார்கள். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் காகிதத்தை நீட்டி வாங்கும் கையெழுத்து, அறிந்து கொடுத்த சம்மதம் ஆகாது. 2014 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்களின் பக்கம் நின்றது. இந்தியாவிலும் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. தொற்றுள்ள கர்ப்பிணிக்கு அவர் அறிந்து கொடுத்த சம்மதம் இல்லாமல் கருக்கலைப்போ கருத்தடையோ செய்யக்கூடாது. அவருடைய தொற்று நிலையைச் சம்மதமின்றி வெளியே சொல்லவும் கூடாது. மாமியார் உடன் வந்திருந்தால், “நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்கம்மா” என்று சொல்லிக் கதவைச் சாத்துவதில்தான் நல்ல ஆலோசனை ஆரம்பமாகிறது.

சேனையும் உரை மருந்தும்

வைரல் லோடு கட்டுக்குள் இருந்தால் எச்.ஐ.வி.க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, சுகப்பிரசவமே போதும். பிறந்ததும் குழந்தைக்கு நெவிரபின் சிரப் தொடங்கி ஆறு வாரம் கொடுப்பார்கள். தாய் தாமதமாக மருந்து தொடங்கியிருந்தாலோ வைரல் லோடு ஏறியிருந்தாலோ, கூடுதல் மருந்தும் கூடுதல் நாளும் தேவைப்படும்.

அடுத்து, தாய்ப்பால். தாய் ஏ.ஆர்.டி.யை விடாமல் எடுத்தால், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம் என்பதே நம் நாட்டு வழிகாட்டுதல். அதில் ‘மட்டும்’ என்ற சொல் மிக முக்கியம். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, அதோடு வேறு பாலும் உணவும் கலந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று அதிகம் என்பதை 1999-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஆய்வு காட்டியது. பச்சிளங்குழந்தையின் குடல் மிக மென்மையானது. வேறு பொருள் பட்டுப் புண்ணாகும்போது வைரஸுக்கு வழி திறந்துவிடுகிறது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். நம் வீடுகளில் பிறந்த அன்றே சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைப்பார்கள். பிறகு வசம்பும் ஜாதிக்காயும் இழைத்து உரை மருந்து கொடுப்பார்கள். பாட்டி அன்போடுதான் செய்வார். அந்த அன்பைப் புண்படுத்தாமல் எப்படி மறுப்பது என்பதையும் ஆலோசகர் சொல்லித்தர வேண்டும். “ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க” என்று சொன்னால் போதும். எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் அறிவுரை அது. தொற்று பற்றிய பேச்சே எழாது.

ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலைச் சுத்தம் செய்து மெல்லக் குத்துவார்கள். துளிர்க்கும் ரத்தத்தை ஒரு தடித்த அட்டையிலுள்ள சிறு வட்டங்களுக்குள் சொட்டவிட்டு, வெயில் படாமல் உலர்த்தி, உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனை தேடுவது எதிர்ப்பொருள்களை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூடத் தங்கியிருக்கும் என்பதால், தொற்றே இல்லாத குழந்தைக்கும் அந்தப் பரிசோதனை ‘இருக்கிறது’ என்று காட்டிவிடலாம். எனவே உலர்ந்த அந்த ரத்தப் பொட்டில் வைரஸின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடுகிறார்கள். ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் மறுபடி பார்த்து, 18-வது மாதத்தில் இறுதி முடிவைச் சொல்வார்கள். இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லி வைத்தால், இடையில் யாரோ எடுத்த பரிசோதனையைப் பார்த்து ஒரு தாய் நொறுங்கிப்போவதைத் தடுக்கலாம்.

தாய் என்பதற்கு அப்பால்

குழந்தை பிறந்ததோடு பெண்ணின் இனப்பெருக்க நலம் முடிந்துவிடுவதில்லை. தொற்றுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. காரணமான எச்.பி.வி. வைரஸை விரட்டும் சக்தி அவர்கள் உடலில் குறைவு. மற்றப் பெண்கள் 30 வயதில் தொடங்கும் பரிசோதனையை இவர்கள் 25 வயதிலேயே தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை உண்டு. சந்தேகப் பகுதி வெள்ளையாக மாறித் தெரியும். சில நிமிட வேலை. மாத்திரை வாங்க வந்த அன்றே அனுப்பிவைத்தால் இன்னொரு நாள் கூலி போகாது.

இந்த விஷயங்களை யார் சொன்னால் மனசில் தைக்கும் என்பதும் முக்கியம். 1998-ல் சென்னையில் பி. கௌசல்யாவும் தொற்றுள்ள பிற பெண்களும் சேர்ந்து ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட குழுக்களில், ஏற்கெனவே பிள்ளை பெற்று, 18 மாதம் காத்திருந்து, நல்ல முடிவைக் கையில் வாங்கிய ஒரு பெண் “நான் பெத்து வளர்க்கலையா அக்கா?” என்று கேட்கும்போது கிடைக்கும் நம்பிக்கையை எந்தத் துண்டுப் பிரசுரமும் தராது. சுனிதி சாலமன் தன் கடைசிக் காலம் வரை தொற்றுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார். மருந்து கொடுத்து உயிரைக் காப்பாற்றினால், அந்த உயிருக்கு ஒரு வாழ்க்கையும் வேண்டும் அல்லவா?

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கை, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அதற்கு முன்பே கியூபாவும் தாய்லாந்தும் மலேசியாவும் பெற்றிருந்தன. இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் தொற்றோடு வாழ்கிறார்கள். ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பரிசோதனை இருக்கிறது. சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. சந்தேகம் கேட்க 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. பேரைச் சொல்லாமலே கேட்கலாம்.

மருத்துவர்களிடமும் ஆலோசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். இருமல், காய்ச்சல், எடை, வியர்வை என்று நான்கு கேள்விகள் தவறாமல் கேட்கிறீர்கள். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: “அடுத்த ஒரு வருஷத்துல குழந்தை வேணும்னு நினைக்கிறீங்களாம்மா, வேண்டாம்னு நினைக்கிறீங்களா?” எந்தப் பதில் வந்தாலும் அதற்கான வழி உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பெண் கதவுவரை போய்த் திரும்பி நிற்கும்படி விடாதீர்கள்.